9:15 மணி சந்தையா, ராத்திரி சந்தையா?

சோமனூர் பக்கம் பன்னிரண்டு தறி வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்குத்தான் நூல் வண்டி வரும், பாவு பிணைக்க ஆள் வரும், கூலிப் பேச்சும் வரும். பங்கு வாங்கி விற்கலாம் என்றால், பங்குச் சந்தை திறப்பதோ 9:15க்கு. தறிச் சத்தத்தில் போன் அடித்தாலே கேட்காது. பஞ்சு படிந்த திரையில் விரலை வைத்தால், வாங்கு என்றால் விற்கும்போல.

"மாப்ளே, உனக்கு எம்சிஎக்ஸ்தான் தோது. பொழுது சாஞ்சு உக்காந்து பண்ணிக்க" என்றார் மச்சான். எம்சிஎக்ஸ் என்றால் தங்கம், எண்ணெய் மாதிரி சரக்குகளின் விலையை வைத்து வர்த்தகம் நடக்கும் சந்தை.

பேச்சு நியாயம்தான். பங்குச் சந்தை 3:30க்கு மூடிவிடும். எம்சிஎக்ஸில் தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய் எல்லாம் ராத்திரி 11:30 வரை, அமெரிக்காவில் குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் 11:55 வரை நடக்கும். கச்சா எண்ணெய் மினி என்ற சின்ன ஒப்பந்தத்தில் ஒரு லாட், அதாவது குறைந்தபட்ச அளவு, 10 பீப்பாய். விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் நமக்குப் பத்து ரூபாய். நாலு மாதம் பண்ணினேன். புதன்கிழமை ராத்திரி அமெரிக்க எண்ணெய் இருப்புக் கணக்கு வரும் நேரத்தில் சோற்றுத் தட்டு ஒரு கையில், போன் மறு கையில்.

நட்டம் பெரிதில்லை. என்னை விலக வைத்தது வேறு. 11:30க்கு நம்ம கடை மூடினாலும் நியூயார்க்கில் எண்ணெய் விலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலை ஒன்பது வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். 2020 ஏப்ரல் 20ல் நடந்ததைப் பாருங்கள். ஊரடங்கால் எம்சிஎக்ஸ் சாயங்காலம் ஐந்துக்கே மூடியது. அன்று ராத்திரி அமெரிக்காவில் கச்சா எண்ணெய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஏப்ரலில் கணக்கு முடியும் ஒப்பந்தத்தை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இங்கே பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். வாங்கியவன் போட்டதும் போய், மேலே கட்டவும் வேண்டும்! முழுப் பணம் கட்டி டெலிவரிக்கு வாங்கிய பங்கும் காலையில் பள்ளத்தில் திறக்கலாம்தான். ஆனால் போட்ட காசுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், மார்ஜின், அதாவது பிணையாகக் கட்டிய முன்பணம், பற்றவில்லை என்று விற்றுத் தள்ளவும் மாட்டார்கள். தறிக்காரனுக்கு நூல் கடனே போதும்.

அதனால் இப்போது பங்குச் சந்தையில் ஏஎம்ஓ, அதாவது சந்தை மூடிய பிறகு போட்டு வைக்கும் ஆர்டர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆர்டர் போட்டால், காலை 9 மணிக்குத் திறக்கும் முன்திறப்பு நேரத்தில் அது போய்ச் சேரும். 9:08 வரை ஆர்டர் வாங்குவார்கள். பிறகு அதிகப் பங்கு கைமாறக்கூடிய ஒரே விலையைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் அதே விலையில் முடிப்பார்கள். முதல் தடவை என்ன விலையானாலும் சரி என்கிற மார்க்கெட் ஆர்டராகப் போட்டுவிட்டேன். ராத்திரியே நல்ல செய்தி வந்திருக்கிறது, பங்கு நாலு சதவீதம் ஏறித் திறந்தது, அந்த உச்சி விலை என் தலையில். அதிலிருந்து இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்கிற லிமிட் ஆர்டர் மட்டும்தான். என் விலை கிடைக்காவிட்டால் ஆர்டர் 9:15க்கு மேல் வழக்கமான சந்தையில் காத்திருந்து 3:30க்குத் தானாக ரத்தாகும். நான் பாவு எண்ணிக்கொண்டிருப்பேன்.

மாலையிலும் எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கு விலைகளை வைத்த முன்பேர வர்த்தகம், நடத்தலாம் என்று தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ கேட்டதை, தரகர்களிடம் ஒத்த கருத்து இல்லை என்று 2024ல் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஏற்கவில்லை. அப்போது வருத்தப்பட்டேன். இப்போது, நல்லதாப் போச்சு.

அமெரிக்கப் பங்குகளை ஒரு மாதம்தான் தொட்டுப் பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நம்ம நேரத்துக்குக் கோடையில் ராத்திரி ஏழு, குளிர்காலத்தில் எட்டு மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் கூடுதல் நேரம் உண்டு. அந்தக் கூடுதல் நேரத்தில் ஆள் குறைவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். அவ்வளவுதான் கண்டேன்.

மச்சான் இன்னும் எம்சிஎக்ஸில்தான். ராத்திரி பதினொன்றே காலுக்கு "பாத்தியா மாப்ளே" என்று வாட்ஸ்அப் வரும். காலையில் தறியை ஆன் பண்ணிவிட்டுத்தான் பார்க்கிறேன்.