காலைத் தட்டா, ராத்திரித் தட்டா? நான்கு சாப்பாட்டு அட்டவணைகளை எடைபோட்டுப் பார்ப்போம்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடியும்போது மணி எட்டரை. பஸ் பிடித்து வீடு வந்து, கை கால் கழுவிச் சாப்பிட உட்கார ஒன்பதரை, பத்து ஆகிவிடும். காலையில் அவசரத்தில் ரெண்டு இட்லி, மதியம் தூக்குப்போசியில் ஆறிப்போன சோறு, இடையில் நாலு பேக்கரி டீ என்று ஓடிய நாளின் பெரிய சாப்பாடு அப்போதுதான். சோமனூர், பல்லடம் தறிக்காரர்களுக்கும், கோவையில் கடை சாத்திவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதை. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதற்கு இதைவிட வசதியான அட்டவணை இருக்க முடியாது.

இதை மாற்ற நினைப்பவருக்கு இன்று நாலா பக்கமும் யோசனை கிடைக்கிறது. மூணு வேளையும் அளவைக் குறைத்தால் போதும் என்பார் ஒருவர். காலை டிபனை விட்டுவிட்டு 12 மணி முதல் 8 மணிக்குள் சாப்பிடு என்பார் இன்னொருவர். சாயங்காலம் 4 மணிக்கே வாயைக் கட்டு என்பது மூன்றாவது. நேரத்தை ரொம்ப நெருக்காமல், சாப்பாட்டின் கனத்தைக் காலைக்கும் மதியத்துக்கும் தள்ளு என்பது நான்காவது. கொங்கு நாட்டு வேலை நேரத்துக்கும் அடுப்படிக்கும் நான்காவதுதான் ஒத்துவரும் என்பது எங்கள் முடிவு. மற்ற மூன்றும் எங்கே நிற்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு கணக்கு

ஒரே அளவு சோற்றைக் காலை 8 மணிக்குச் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரை ஒன்று, இரவு 10 மணிக்குச் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரை வேறு. இரவில் கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அது கணையத்திடம் 'இன்சுலினைக் குறை' என்று சொல்கிறது. பதினொன்றுக்குப் படுப்பவர் ஒன்பதரைக்குச் சாப்பிட்டால், கணையம் கடை சாத்துகிற நேரத்தில் பெரிய ஆர்டர் கொடுத்த மாதிரி.

2022-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 16 பேருக்கு ஒரே உணவைக் கொடுத்து, நேரத்தை மட்டும் நாலு மணி நேரம் தள்ளிப் பார்த்தார்கள். தாமதமாகச் சாப்பிட்ட நாட்களில் பசி கூடியது, உடம்பு எரிக்கும் கலோரி குறைந்தது.

முதல் வழி: நேரத்தைத் தொடாமல் அளவை மட்டும் குறைப்பது

இது வேலை செய்யும். யாரும் மறுக்க வேண்டியதில்லை. சீனாவின் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு வைத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. எல்லோருக்கும் கலோரி கட்டுப்பாடு உண்டு. ஆண்களுக்கு 1,500 முதல் 1,800, பெண்களுக்கு 1,200 முதல் 1,500. பாதிப் பேர் கூடவே காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிட்டு முடித்தார்கள். நேரக்கட்டு உள்ளவர்கள் சராசரி 8 கிலோ குறைந்தார்கள், இல்லாதவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இது பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. அதாவது அளவுதான் முதல் ஆள், நேரம் இரண்டாவது ஆள்.

சறுக்கும் இடம் பசி. பகலில் அரைவயிறாக இருந்து ராத்திரி பத்து மணிக்குத் தட்டின் முன் உட்காருகிறவரிடம் 'ரெண்டு தோசையோடு நிறுத்து' என்றால் நாலு நாள் நடக்கும். ஐந்தாம் நாள் பரோட்டாக் கடை வழியில் இருக்கும். மூன்று பரோட்டா, சால்னா, ஒரு கலக்கி (அரைவேக்காட்டு முட்டை) சேர்ந்தால் 1,000 கலோரியைத் தாண்டிவிடும். பகலெல்லாம் சேமித்தது அங்கேயே கரைந்துபோகும்.

இரண்டாம் வழி: காலையை விட்டு 12 முதல் 8

ஐடி கம்பெனி, ஜிம் வட்டாரங்களில் இதுதான் பிரபலம். சமைக்கும் வேளை ஒன்று மிச்சம், கலோரி எண்ண வேண்டாம் என்பது ஈர்ப்பு. 2020-இல் அமெரிக்காவில் 116 பேரைக் கொண்டு 12 வாரம் இதையே சோதித்தார்கள். மூணு வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட, எடைக்குறைவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காலையை விட்டவர்களுக்கு இறங்கிய எடை சுமார் ஒரு கிலோ. அதிலும் கணிசமான பங்கு தசை. தசை போனால் சாப்பிட்ட சர்க்கரையை உறிஞ்சும் இடமே சுருங்குகிறது என்பதால் இதை நல்ல பேரம் என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் இந்த வழி கெடுவதற்கு இன்னொரு தனிக் காரணம் பேக்கரி. 'நான் விரதத்தில் இருக்கேனுங்க, டீ மட்டும்தான்' என்பார்கள். அந்த டீயில் 100 மில்லி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 80 முதல் 100 கலோரி. ஏழு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று என்று குடித்தால் விரதம் ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. இன்சுலின் ஏறிவிட்டது, வயிறு மட்டும் காலி. பதினொன்றரைக்குப் பசி தாங்காமல் டீயோடு ஒரு தேங்காய் பன் சேரும்.

முதல் ஆபத்து சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். தறி ஓட்டுகிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் அது உயிருக்கே வினை. டாக்டர் அளவை மாற்றிக் கொடுக்காமல் வேளையை மாற்றவே கூடாது. இந்த எச்சரிக்கை கீழே வரும் எல்லா வழிக்கும் பொருந்தும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மதியம் வரை பட்டினி இருந்தால், அடுத்து வரும் மதிய, இரவுச் சாப்பாடுகளுக்குப் பின் சர்க்கரை இன்னும் உயரமாக ஏறுகிறது என்பதும் ஆய்வில் பார்த்ததுதான்.

மூன்றாம் வழி: மாலை 4-க்குள் முடிப்பது

உடம்பின் கணக்குப்படி மட்டும் பார்த்தால் இதுதான் சிறந்தது. 2018-இல் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்களை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்து, கடைசி வேளையை மூன்று மணிக்கு முன்பே வைத்தார்கள். எடை குறையாதபடி உணவைக் கொடுத்தும், ஐந்து வாரத்தில் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, ரத்த அழுத்தம் இறங்கியது. எடை இறங்காமலே இந்த மாற்றம் வந்ததுதான் விசேஷம்.

ஆனால் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிற ஒரே வேளை ராத்திரிதான். நோம்பி, கல்யாண முந்தின நாள் விருந்து, சீர் என்று எல்லாமே அந்திக்குப் பிறகு. நாலு மணிக்கு வாயைக் கட்டுகிறவர் மூன்றாம் வாரம் தனித்துப்போகிறார், ஐந்தாம் வாரம் விட்டுவிடுகிறார். தனியாக இருப்பவர், ஓய்வு பெற்றவர், விடியற்காலையில் காட்டு வேலைக்குப் போய் அந்தியில் படுப்பவர் ஆகியோருக்கு நாங்கள் இதைத் தயங்காமல் சொல்வோம். மற்றவர்களுக்கு இல்லை.

நான்காம் வழி: கனத்தை முன்னால் தள்ளுவது

2013-இல் இஸ்ரேலில் எடை கூடிய 93 பெண்களுக்கு ஒரே 1,400 கலோரி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் காலை 700, மதியம் 500, இரவு 200. இன்னொரு குழுவுக்குத் தலைகீழ். 12 வாரத்தில் காலைக் குழு 8.7 கிலோ குறைந்தது, இரவுக் குழு 3.6 கிலோ. அபாரமாகத் தெரியும். ஆனால் 2022-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், சாப்பாடு முழுவதையும் அளந்து கையில் கொடுத்துப் பார்த்தபோது எடையில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் பசியில்தான். காலையில் கனமாகச் சாப்பிட்டவர்களுக்கு நாள் முழுக்கப் பசி குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. காலைச் சாப்பாட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. அளவைக் குறைப்பதைத் தாங்கிக்கொள்ள அது தோள் கொடுக்கிறது. முதல் வழி சறுக்கிய அதே இடத்தில் இது பிடித்துக்கொள்கிறது.

நம் தட்டில் இதை எப்படி வைப்பது? உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு, நாளுக்குச் சுமார் 1,600 கலோரிக் கணக்கு இது. காலை எட்டுக்குள் 600: நாலு இட்லி அல்லது ஒரு தட்டு சந்தகை (நம் ஊர் இடியாப்பம்), கூடவே கெட்டியான பச்சைப்பயறு கடைசல் ஒரு கிண்ணம், இரண்டு முட்டை. நாமக்கல் பக்கத்திலிருந்து முட்டை இவ்வளவு வரும் ஊரில் காலைக்குச் சட்னியோடு நிறுத்துவது பெரிய இழப்பு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மதியம் ஒன்றுக்கு 600: சோறு ஒன்றரைக் கப், கொள்ளுப் பருப்பு, கீரை, பொரியல், மோர். ஐந்தரைக்கு 150: ஒரு கை சுண்டல் அல்லது அவித்த நிலக்கடலை. ராத்திரி 250, ஏழரைக்குள்.

அந்த 250 என்பது எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் அரிசிம்பருப்புச் சாதத்தை ஒரு ஆளுக்குச் செய்துபார்க்கலாம். வழக்கமாக நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு போடுவோம். இதற்கு இரண்டுக்கு ஒன்று போடுங்கள். அரிசி 40 கிராம், பருப்பு 20 கிராம். தாளிக்க ஒரே ஒரு ஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெய். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு எவ்வளவு வேண்டுமானாலும். அரிசி 140, பருப்பு 68, எண்ணெய் 45. மொத்தம் சுமார் 250 கலோரி. வெந்ததும் சின்னக் கிண்ணம் நிறைய வரும், அவ்வளவுதான். மேலே ஊற்றும் நெய்க்கரண்டிதான் கெடுப்பது. ஒரு குழிக்கரண்டி நெய் விழுந்தால் இந்தச் சாப்பாடு அப்படியே இரட்டிப்பாகும்.

ஒன்றரை ஷிப்டில் இருப்பவர் ஏழரைக்கு வீட்டில் இருக்க மாட்டார். அவர் இந்த 250-ஐ மாலை டீ இடைவேளையிலேயே முடிக்கட்டும். காலையிலேயே கூடுதல் டப்பாவில் கட்டிக்கொண்டு போகிற சுண்டலும் ஒரு முட்டையும் பன்னின் இடத்தைப் பிடித்தால் போதும். வீட்டுக்கு வந்து கொள்ளு ரசம் ஒரு டம்ளர், அல்லது மோர். பசித்தால் ஒரு கலக்கி. சோறு வேண்டாம். முதல் பத்து நாள் தூக்கம் வராது, வயிறு கேட்கும். பெரும்பாலும் காலைத் தட்டு போதாததால்தான் அது. இரவைக் கூட்டாமல் காலையைக் கூட்டிச் சரிசெய்யுங்கள்.

சாப்பிடும் வரிசைக்கும் கணக்கு உண்டு. சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்குக் காய்கறியையும் புரதத்தையும் முதலில் கொடுத்து, மாவுச்சத்தைக் கால் மணி நேரம் கழித்துக் கொடுத்தார்கள். மாவுச்சத்தை முதலில் சாப்பிட்ட நாளைவிட, அரை மணியில் சர்க்கரை 29 சதவீதமும் ஒரு மணியில் 37 சதவீதமும் குறைவு. பொரியலும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். காசு செலவில்லாத மாற்றம் இது.

களி சாப்பிட்டால் போதாதா?

இந்தக் கேள்வி வராத வீடு கிடையாது. 100 கிராம் ராகியில் சுமார் 320 கலோரி, அரிசியில் சுமார் 355. பெரிய தள்ளுபடி இல்லை. லாபம் வேறு இடத்தில்: ராகியிலும் கம்பிலும் நார்ச்சத்து 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் கீழ். ராகியில் சுண்ணாம்புச் சத்து 360 மில்லிகிராமுக்கு மேல். கெட்டியான களி உருண்டையைக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டால் வயிறு நிற்கும். அதே மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் கரைத்து, நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரைதான். 50 கிராம் மாவுக்கு மேல் போகாத ஒரு உருண்டை, மதியத்தில். ராத்திரி பத்து மணிக் களிக்கும் பத்து மணிச் சோற்றுக்கும் கணையம் பெரிதாக வித்தியாசம் காட்டாது.

இரவு ஷிப்ட் மில்லுக்குத் தனிக் கணக்கு

பத்து முதல் ஆறு வரை ஓடுகிறவர்களுக்கு மேலே சொன்ன மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. 2021-இல் 19 பேரை இரவு வேலை மாதிரி விழிக்கவைத்த சோதனையில், இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. அதனால் கிளம்பும் முன் எட்டு மணிக்குள் ஒரு முழுச் சாப்பாடு, நள்ளிரவில் தண்ணீரும் மோரும், காலை ஏழுக்குச் சின்ன டிபன், எழுந்ததும் பகல் இரண்டு மணிக்கு நாளின் பெரிய தட்டு. ராத்திரி ரெண்டு மணிக் கேன்டீன் பரோட்டாவைத் தவிர்ப்பதே பாதி வேலை.

எதை அளப்பது

தராசை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், ஒரே கிழமை, வெறும் வயிற்றில். டேப்பை அதைவிட நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபின் சுற்றி அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. நம் உடம்பு மெலிந்து தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்க்கிற வாகு கொண்டது. 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வில் பொதுப் பருமன் 28.6 சதவீதம், தொப்பைப் பருமன் 39.5 சதவீதம். தொடங்கும் முன் வெறும்வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c), டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு 12 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு முன் மூன்று மாதச் சராசரி பார்த்துப் பயனில்லை.

12 வாரமாகியும் டேப் நகரவில்லை என்றால் நேரத்தை மேலும் நெருக்காதீர்கள். எண்ணெய் டின்னைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் கடலை எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, ஏறக்குறைய 300 கலோரி. ஆளுக்கு அரை லிட்டராக்கினால் அதில் பாதி போகும். மாதம் முதல் தேதி இரண்டு லிட்டரைத் தனி டின்னில் ஊற்றி வையுங்கள். எந்தத் தேதியில் தீர்கிறது என்று காலண்டரில் குறித்து வாருங்கள்.