குக்கரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் வீட்டில் நடந்த தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் குக்கரோ ஹீட்டரோ மிக்சியோ வெடித்தோ ஷாக் அடித்தோ யாருக்காவது காயம் பட்டால், கடையிலிருந்து வருகிற ஆளிடம் அந்தப் பொருளைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அவர்கள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். நாங்கள் முதல் தவறைச் செய்துவிட்டோம். இரண்டாவதிலிருந்து ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டதால் தப்பித்தோம்.

நடந்தது இதுதான். போன வருடம் பொங்கலுக்கு அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பாத்திரக்கடையில் 5 லிட்டர் குக்கர் வாங்கி, தஞ்சாவூரில் இருக்கிற அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விலை 1,450 ரூபாய். குக்கர் மேலேயும் அட்டைப்பெட்டி மேலேயும் அந்தக் கடையின் பெயரே அச்சடித்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது. மே மாதம் ஒரு காலையில் பருப்பு வைத்திருந்த அந்தக் குக்கரில் வெகு நேரம் விசிலே வரவில்லை. அம்மா அடுப்பை அணைக்கக் கை நீட்டியபோது மூடி பிய்த்துக்கொண்டு கூரையில் போய் அடித்தது. கொதிக்கிற பருப்பு அம்மாவின் வலது கையிலும் கழுத்திலும் கொட்டியது. அடுப்பின் கண்ணாடி சுக்குநூறானது. அளவுக்கு மீறி அழுத்தம் ஏறினால் உருகி வழிவிட வேண்டிய சேஃப்டி வால்வு, வாங்கிய அன்று இருந்த மாதிரியே முழுசாக இருந்தது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அண்ணன் கடைக்கு போன் செய்து சொன்ன மூன்றாம் நாளே கடையின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, கம்பெனியில் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, குக்கர், மூடி, வெயிட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா மட்டும்தான் வீட்டில் இருந்தார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டுகூட வாங்கவில்லை. வந்தவர் அவ்வளவு தன்மையாகப் பேசினாராம், அவர்கள் பொறுப்பாக நடந்துகொள்கிறார்கள் என்று நாங்களும் நம்பினோம்.

பத்து நாள் கழித்து மேனேஜர் பேசினார். புது குக்கர் ஒன்றும், நல்லெண்ணத்துக்காக 2,000 ரூபாயும் தருவார்களாம். அதற்கு அம்மா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் வாட்ஸாப்பில் வந்தது. ‘இந்தப் பிரச்சினை முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு வம்பு வேண்டாம் என்றுதான் இருந்தது. நான்தான், நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே அரை மணி நேரம் மேனேஜர் பேசியதை அப்படியே சொல்கிறேன். உங்களுக்கும் இதே வார்த்தைகள்தான் வரும்.

முதலில், “பில்லு உங்க அண்ணன் பேர்ல இருக்குதுங்க மேடம். அம்மா நம்ம கஸ்டமரே இல்லைங்களே” என்றார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அன்றிரவு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி எடுத்து, அதன் இரண்டாவது பிரிவை மட்டும் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பிரிவு முழுக்கவே சொற்களுக்குப் பொருள் சொல்வதுதான். ‘நுகர்வோர்’ என்பதற்கான 2(7)-இல், காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது. அண்ணன் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்த குக்கர். இதைவிடப் பெரிய சம்மதம் என்ன வேண்டும்? பில் நம் பெயரில் இல்லை என்று சொல்லி எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்தது இன்னும் மோசம். அம்மா பக்கத்துத் தெருவில் தங்கிப் படிக்கிற நாலு பையன்களுக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறார். மாதக் கணக்கு, அதில்தான் அம்மாவின் கைச்செலவு ஓடுகிறது. அண்ணன் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட, மேனேஜர் உடனே பிடித்துக்கொண்டார். “அப்ப அது வியாபாரத்துக்குப் பயன்படுத்துனதுங்க, கன்ஸ்யூமர் கேஸே வராது.” வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே இடத்தில் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. தையல் மெஷின் வைத்திருக்கிற அக்காவுக்கும், வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவருக்கும் இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வந்தது அவருடைய பெரிய அஸ்திரம். “நாங்க விக்கறது மட்டும்தாங்க. செய்யறது வெளியூர்ல ஒரு யூனிட். நீங்க அவங்களத்தான் கேக்கணும்.” எந்த யூனிட், முகவரி என்ன என்று கேட்டால், அது கம்பெனி விஷயம், சொல்ல முடியாது என்றார். சரி, சட்டம் என்ன சொல்கிறது? ‘பொருள் உற்பத்தியாளர்’ யார் என்று 2(36) சொல்கிறது. பொருளைச் செய்கிறவர், பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறவர், இவர்களோடு சேர்த்து, வேறொருவர் செய்த பொருளின் மேல் தன் சொந்த முத்திரையைப் போடுகிறவரும் உற்பத்தியாளர்தான். குக்கர் மேல் யார் பெயர் இருந்தது? கடையின் பெயர். அவர்கள் அலுமினியத்தையே தொட்டிருக்காவிட்டாலும் சட்டத்தின் பார்வையில் அவர்கள்தான் உற்பத்தியாளர். இப்போது கடைகள் எல்லாவற்றிலும் தங்கள் பெயரை அடித்து மலிவாக விற்கிறார்களே, அந்தப் பொருள்களை வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறு கம்பெனியின் பெயர் போட்ட பொருளாக இருந்தாலும் கடைக்காரர் சுலபமாகக் கைகழுவிவிட முடியாது. ‘பொருள் விற்பனையாளர்’ என்பதில், 2(37)-இன்படி, இறக்குமதி செய்கிறவர், விநியோகிக்கிறவர், பொருத்திக் கொடுக்கிறவர், பொட்டலம் போடுகிறவர், லேபிள் ஒட்டுகிறவர், பழுது பார்க்கிறவர்கூட வருகிறார். இவர்கள் எப்போது பொறுப்பு என்பதைப் பிரிவு 86 சொல்கிறது: பொருளை மாற்றியமைத்து அதனால் தீங்கு வந்தாலோ, தாங்களாகவே தனி உத்தரவாதம் கொடுத்திருந்தாலோ, உற்பத்தியாளர் சொன்ன எச்சரிக்கையை வாங்குகிறவரிடம் சேர்க்காமல் விட்டாலோ, உற்பத்தியாளர் யார் என்றே தெரியாவிட்டாலோ விற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். செய்தவர் யார் என்று சொல்ல மறுக்கிற கடைக்காரர் தன் தலையில் தானே பொறுப்பை ஏற்றிக்கொள்கிறார்.

“பருப்ப அளவுக்கு மீறிப் போட்டிருப்பீங்க, கேஸ்கட் மாத்தியிருப்பீங்க” என்றும் சொன்னார். தவறாகப் பயன்படுத்தினாலோ, பொருளை மாற்றியமைத்தாலோ விற்பனையாளர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கிற வழக்கு, போட முடியாது என்று பிரிவு 87-இல் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரிஜினல் அல்லாத கேஸ்கட்டோ வால்வோ போடாதீர்கள். எங்கள் குக்கர் வாங்கி நாலு மாதம்தான், எதையும் மாற்றவில்லை. எவ்வளவு பருப்புப் போடலாம், வெயிட் குழாய் அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற ஒரு தாள்கூட அட்டைப்பெட்டியில் இல்லை. சரியாகப் பயன்படுத்துவதற்கான போதிய வழிமுறையோ எச்சரிக்கையோ இல்லாததே உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் காரணங்களில் ஒன்று, பிரிவு 84-இல். ஒன்றும் சொல்லித் தராமல் விற்றுவிட்டு, நீ தப்பாகச் சமைத்தாய் என்று கை வெந்துபோன ஒருத்தரைப் பார்த்துச் சொல்வதற்கு எப்படி மனசு வருகிறது?

இனி அந்த 2,000 ரூபாய்க் கடிதத்துக்கு வருகிறேன், ஏமாற்று அதில்தான் இருக்கிறது. சட்டத்தில் ‘குறைபாடு’ வேறு, ‘தீங்கு’ வேறு. குறைபாடு என்பது, 2(10)-இன்படி, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ, விற்றவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்திலும் அளவிலும் இருக்கிற எந்தக் குறையும். அதற்குப் பரிகாரம் பொருளை மாற்றுவது, பணத்தைத் திருப்புவது. தீங்கு என்பது 2(22): உடல் காயம், நோய், மரணம், மற்றச் சொத்துக்கு வந்த சேதம், அவற்றோடு சேர்ந்த மன உளைச்சல். அந்தப் பொருளுக்கே வந்த சேதம் இதில் சேராது. அதாவது வெடித்த குக்கர் தீங்கில் வராது, உடைந்த அடுப்பும் அம்மாவின் கையும் வரும். அவர்கள் கொடுக்க முன்வந்தது குக்கருக்குக் குக்கர். காயத்துக்கான கணக்கை, அந்தச் சின்னத் தொகையைக் கொடுத்து, ‘எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரியில் மூடப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் அதைப் போலப் பல மடங்கு.

ஊருக்குத் திரும்பியதும் பொங்கலன்று அம்மா குக்கரோடு எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை விருப்பப்பட்டால் போடுவது அல்ல, 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்குகிற உரிம எண்ணும் இருக்க வேண்டும். எங்கள் குக்கரில் முத்திரை மாதிரி ஒரு படம் மட்டும் இருந்தது, மேலேயும் எண் இல்லை, கீழேயும் எண் இல்லை. எண் இருந்தால், ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் என்ற அரசு அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு உரிமம் உண்மையானதா, யாருக்குக் கொடுத்தது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கடையிலேயே நின்று பாருங்கள், யாரும் தவறாக நினைத்தாலும் பரவாயில்லை. 2022-இல் இந்தத் தரத்துக்கு உட்படாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பச் சொன்னது. சட்டப்படி இருக்க வேண்டிய தரம் இல்லை என்றால் அதுவே குறைபாடு என்பதைத்தான் மேலே சொன்ன 2(10) சொல்கிறது.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’, ‘கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்றெல்லாம் அச்சடித்திருந்தது. இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2(47)-இல் நேர்மையற்ற வணிக முறை என்றே வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. எல்லை விஷயத்திலும் பழைய சட்டம் போல இல்லை, புகார் செய்கிறவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதனால் அம்மா பெயரில் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில்தான் கொடுத்திருக்கிறோம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினோம், அவர்கள் புகாரைப் பதிந்து கடைக்கு அனுப்பினார்கள், கடை மறுபடியும் அதே 2,000 ரூபாயைத்தான் சொன்னது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எங்களுக்கு இப்போது இருக்கிற பெரிய சிக்கல் குக்கர் எங்கள் கையில் இல்லாததுதான். சோதித்துப் பார்த்துத்தான் குறையைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், ஆணையம் புகார்தாரரிடமிருந்து பொருளை வாங்கி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளுக்குள் அறிக்கை கேட்கலாம். வால்வு உருகவில்லை என்பதை நிரூபிக்க அதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் அனுப்புவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? கடையோ இப்போது அப்படி ஒரு பொருள் தங்களிடம் வரவே இல்லை என்கிறது. அப்பா இன்றைக்கும் இதை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஆறவில்லை.

அதனால் உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், முதலில் காயம்பட்டவரைப் பாருங்கள், அப்புறம் அந்தப் பொருளைக் கழுவாமல், துடைக்காமல், எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அட்டைப்பெட்டியோடும் பில்லோடும் கட்டிப் பரணில் வையுங்கள். டாக்டரிடம் குக்கர் வெடித்த காயம் என்று எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் சோதிக்க வேண்டும் என்றால் உங்கள் வீட்டில் வந்து உங்கள் முன்னால் பார்க்கட்டும்.

வந்த ஆள் பையோடு படியிறங்குகிற காட்சி எதிர்வீட்டு கேமராவில் பதிந்திருந்தது. அந்தப் பதிவையும், கடிதம் வந்த வாட்ஸாப் உரையாடலையும் சேர்த்து, பொருளைக் கொண்டுவந்து காட்டும்படி கடைக்கு உத்தரவிட வேண்டும் என்று தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறோம். சாட்சிப் பொருளைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்குப் பிரிவு 38-இல் இருக்கிறது. அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.