ஒலிம்பியா போர்க்கப்பல்: மரைன் படையின் வரலாற்றைத் தேடுவோருக்கான பரிந்துரை

ஃபிலடெல்ஃபியாவில் டெலவேர் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்டிருக்கும் ஒலிம்பியாவை, ஸ்பெயினுடனான போரில் 1898 மே 1 அன்று பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை முறியடித்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் டூயியின் கொடிக்கப்பலாகவே (தளபதி பயணித்த தலைமைக் கப்பல்) பெரும்பாலோர் பார்க்க வருகிறார்கள். கடற்படையோடு இணைந்து கப்பலிலும் கரையிலும் போரிடும் அமெரிக்க மரைன் படை கடல் கடந்து காலூன்றிய கதையைத் தேடுகிறவர்களும் இங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. இண்டிபெண்டன்ஸ் சீபோர்ட் அருங்காட்சியகம் பராமரிக்கும் இந்தக் கப்பல், 1892-இல் சான் பிரான்சிஸ்கோவில் நீரில் இறக்கப்பட்டது.

உள்ளே முதலில் கண்ணில் படுவது ஏற்றத்தாழ்வுதான். அதிகாரிகள் தங்கிய பகுதியில் சுவரெல்லாம் மெருகேற்றிய மரப்பலகை. மாலுமிகளுக்கோ, பீரங்கிகளுக்கு நடுவே தூளி கட்டிக்கொள்ளும் இடம். இந்த இரு உலகங்களுக்கும் இடையில் காவல் நின்றவர்கள் மரைன்கள். மாலுமிகளிடையே ஒழுங்கைக் காப்பதும், சில பீரங்கிகளை இயக்குவதும், தேவைப்பட்டால் கரையிறங்கிச் சண்டையிடுவதுமே நெடுங்காலமாக அவர்களுடைய பணி. மேல்தளத்தில் கம்பீரமாக நிற்கும் 8 அங்குலப் பீரங்கிக் கோபுரங்கள் மூலப் பொருள்கள் அல்ல, பிற்கால மாதிரிகள் என்பதை மட்டும் நினைவில் கொள்க.

அந்தப் பணி மாறியதற்கு நிலக்கரி ஒரு முக்கியக் காரணம். பாய்மரம் போய் நீராவி வந்த பிறகு, தொலைதூரக் கடலில் போரிடும் கப்பல்களுக்குக் கரி நிரப்பப் பாதுகாப்பான துறைமுகம் இன்றியமையாததாயிற்று. அதைப் பிடித்துக் காத்துத் தரக் கடற்படைக்கென்று ஒரு தரைப்படை வேண்டியிருந்தது. 1898 ஜூன் 10 அன்று மரைன் அதிகாரி ஹண்டிங்டன் தலைமையில் ஏறத்தாழ 650 மரைன்கள் கியூபாவின் குவாண்டனாமோவில் இறங்கியது இதற்காகத்தான். மணிலாவிலும் அதே கதை: மணிலா விரிகுடாச் சண்டை முடிந்த இரண்டாம் நாள், டூயியின் படையணியைச் சேர்ந்த பால்டிமோர் கப்பலின் மரைன்கள் அங்கிருந்த ஸ்பானியரின் கவீட்டே கடற்படைத் தளத்தில் கொடியேற்றினார்கள். பிலிப்பைன்ஸில் நிலைகொண்ட மரைன்களில் ஒரு பகுதியினர்தான் 1900-இல் அந்நியருக்கு எதிரான பாக்ஸர் கிளர்ச்சியின்போது சீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு தளம் அடுத்த தலையீட்டுக்குப் படிக்கல்லானது.

கப்பலில் இவர்கள் எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1908-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையால் மரைன்களைப் போர்க்கப்பல்களிலிருந்து விலக்கினார்; மறு ஆண்டே நாடாளுமன்றம் அவர்களைத் திரும்ப ஏற்றியது. ஒலிம்பியாவின் குறுகலான தளங்களில் நடந்த பிறகு, அந்தச் சச்சரவில் கப்பலில் மரைன்கள் வேண்டாம் என்ற கடற்படை அதிகாரிகள் பக்கமும் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. முன்னணித் தளங்களை, அதாவது தொலைதூரக் கடற்கரைகளில் கடற்படைக்கான தற்காலிகத் தளங்களை, அமைத்துக் காப்பதற்கான பயிற்சிப் பள்ளி 1911-இல் இதே நகரின் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. 1914 தொடக்கத்தில் போர்ட்டோ ரிக்கோவை அடுத்த குலேப்ரா தீவில் அதற்கான ஒத்திகை. ஏப்ரலில் மெக்சிகோவின் வேராக்ரூஸில் உண்மையான தரையிறக்கம். அதன் பின் வந்தவற்றை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது: ஹைட்டி 1915 முதல் 1934 வரையிலும், டொமினிகன் குடியரசு 1916 முதல் 1924 வரையிலும் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தன.

ஒலிம்பியாவின் கடைசிப் பெரும்பணி 1921-இல் அமைந்தது. முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத வீரரின் உடலை அது பிரான்சிலிருந்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தது. பேழையைக் கீழ்த்தளத்துக்கு இறக்க முடியாமல் மேலேயே கட்டிவைத்தார்கள். புயலிலும் அதற்குக் காவல் நின்றவர்கள் மரைன்கள்தான்.

நுழைவுச்சீட்டில் அருகிலுள்ள பெகூனா நீர்மூழ்கியும் அடங்கும். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்பதால், நேரம் குறைவானவர்கள் அதை விட்டுவிட்டு ஒலிம்பியாவிலேயே நிதானமாக இருக்கலாம். தளங்களுக்கு இடையிலான ஏணிப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.