ஜென்டூவில் ஆறு வருஷம், ஒரு சுவிட்சால் மூன்று வாரம்

“ஜென்டூ போடலாமா, வேகம் தெரியுமா?” என்று நண்பன் கேட்டு ரெண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்துவிடுகிறது. இன்றைக்கும் அது தீரவில்லை.

ஜென்டூ என்பது நிரல்களை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் பண்ணிக் கட்டிக்கொள்ளும் லினக்ஸ். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அழித்துப் புதிதாக நிறுவவில்லை. முன்பெல்லாம் லிப்ரே ஆபீஸைக் கம்பைல் பண்ண ராத்திரி முழுக்க ஃபேன் இரையும்; 2023 டிசம்பரில் அவர்களே முன்கூட்டியே கட்டிவைத்த பைனரிப் பொதிகளைத் தர ஆரம்பித்ததும் அதுவும் போயிற்று. கம்பைலருக்குக் கொடுக்கும் ஃபிளாக்குகளில், அதாவது கட்டளைக் குறிகளில், ஓ2, மார்ச்-நேட்டிவ் என்ற சாதாரணமான இரண்டோடு நின்றுகொள்பவருக்கு ஒரு குறையும் வராது.

நான் நிற்கவில்லை. இந்த ஃபிளாக்குகளை எழுதிவைக்கும் மேக்.கான்ஃப் கோப்பில் ஃபாஸ்ட்-மேத்தைச் சேர்த்தேன். கம்பைலர் கணக்கைக் குறுக்குவழியில் போட அனுமதிக்கும் ஃபிளாக் அது. இந்த மாதிரி வேலையெல்லாம் தெரிந்துதான், பல பொதிகளின் ஈபில்டுகள், அதாவது அவற்றைக் கட்டும் செய்முறைக் கோப்புகள், நாம் கொடுக்கும் ஆபத்தான ஃபிளாக்குகளை உருவிப் போட்டுவிடும். சரி, அப்படி உருவாமல் இருக்கவும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்களே! கஸ்டம்-சிஃப்ளாக்ஸ். விளக்கம் ஒரே வரி: நீங்கள் கொடுத்த ஃபிளாக்கோடு கட்டும், ஆதரவு கிடையாது. கணக்குப் போடும் ஒரு சின்ன நிரலுக்கு அதைப் போட்டேன். நாலு செகண்ட் வேலை மூன்றரை ஆனது. அப்புறம் மறந்தே போனேன்.

மொட்டை மாடியில் ஒரு வெப்பமானி சென்சார் வைத்திருக்கிறேன். வயர் ஆடினால் அளவு வராது. அந்த இடத்தில் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நான்’ என்ற குறி விழும். நான் சொன்ன அந்தச் சின்ன நிரல் அதைப் பார்த்தால் தாண்டிப் போய்விட்டுச் சராசரி போடும். இந்தக் கோடையில் நிரலைப் புதுப்பித்ததும் மாத சராசரி, வார சராசரி, எல்லாமே ‘நான்’. மூன்று எழுத்து ஆங்கிலக் குறிதான், ஆனால் நம் வாயில் அப்படித்தானே வரும். சென்சாரைச் சந்தேகப்பட்டேன், புதிதாக வாங்கினேன். வயரை மாற்றினேன், மே மாத வெயிலில் மாடியில் உட்கார்ந்து சால்டரிங். மூன்று வாரம். யார் குற்றவாளி என்று திரை முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தது.

ஃபாஸ்ட்-மேத் போட்டால், ‘எண் அல்ல’ என்பது வரவே வராது என்று கம்பைலர் நம்பிக்கொள்கிறது. ஆகவே “இது எண்தானா?” என்று சோதிக்கும் வரியையே வெட்டி எறிந்துவிடும். முந்தைய பதிப்பு எழுதப்பட்ட விதத்தில் ஏதோ தப்பித்திருக்கிறது. கடைசியில் வார்-டிபி-பிகேஜி அடைவில், அந்தப் பொதியைக் கட்டிய ஃபிளாக்குகள் பதிவான கோப்பைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு பொதிக்கும் இப்படிக் குறித்து வைக்கிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு.

எச்சரித்தார்களா? எச்சரித்தார்கள். பிழை என்று எழுதினால் என்ன பதில் வரும் என்றும் தெரியும், நியாயமான பதில்தான். ஆனால் ‘ஆதரவு கிடையாது’ என்றால் எனக்கு என்ன தெரியும்? புரோகிராம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். எது உடையும் என்று இன்னும் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

நண்பனுக்கு என் பதில்: வேண்டாம், டெபியன் லினக்ஸ் போட்டுக்கொள். நான் ஃபாஸ்ட்-மேத்தை எடுத்துவிட்டு மொத்தத்தையும் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன், நானூத்துச் சொச்சம் பொதி பாக்கி.