கோலாவா, பழ ஈயா? உயிரியல் செயல்திட்டத்துக்கு எதை எடுப்பது

இரண்டில் எதை எடுப்பதென்று குழம்பும் பள்ளி மாணவர்களுக்காக இது.

செலவு
பழ ஈ: ஒரு கண்ணாடிப் புட்டி, கனிந்த வாழைப்பழம், வாயை அடைக்கப் பஞ்சு.
கோலா: ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளில் வாழும் விலங்கு. படமும் கட்டுரையும்தான் கைக்கு எட்டும்.

காலம்
பழ ஈ: 25 டிகிரி செல்சியஸில் முட்டை சுமார் பத்து நாளில் ஈயாகிவிடும்.
கோலா: 35 நாளில் பிறக்கும் குட்டி, ஆறு மாதம் தாயின் பையிலேயே வளரும்.

எளிமை
பழ ஈ: நான்கே ஜோடி குரோமோசோம்கள். 1910-இல் அமெரிக்க மரபியலாளர் மார்கன் கவனித்த வெள்ளைக்கண் ஆண் ஈதான், மரபணுக்கள் குரோமோசோமில் இருப்பதை நிறுவ வழி திறந்தது. லென்ஸில் பாருங்கள்: ஆணின் வயிற்று நுனி கறுத்திருக்கும், பெண்ணுடையது கூர்மையாக, கோடு கோடாக இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.
கோலா: சோதனைக்கு வழியில்லை.

மரபியலைச் செய்து பார்க்க விரும்பினால் தயங்காமல் பழ ஈயை எடுங்கள். தகவமைப்பு, காடழிப்பு பற்றி எழுத கோலாவே பொருத்தம். நச்சுள்ள யூகலிப்டஸ் இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் குட்டி தாயின் மென்கழிவைத் தின்றே பெறுகிறது. குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் 2022 முதல் கோலா அழியும் ஆபத்திலுள்ள இனம்.