ஒரே மாடல் லேப்டாப் இரண்டு: ஒன்றில் விண்டோஸ் 11, ஒன்றில் மிண்ட்

2014-ல் அண்ணனும் நானும் ஒரே கடையில் ஒரே மாடல் லேப்டாப் வாங்கினோம். நான்காம் தலைமுறை ஐ5. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் பின்னாளில் போட்டவை. இரண்டும் இன்னும் ஓடுகின்றன, பேட்டரிதான் இரண்டிலும் செத்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெலில் எட்டாம் தலைமுறை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். எங்களிடம் இரண்டும் கிடையாது. அண்ணனுக்கு இரும்புக்கடை, டேலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அதனால் 2024 தொடக்கத்தில் ரூஃபஸ் (பென்டிரைவில் நிறுவல் கோப்புகளை ஏற்றும் கருவி) வைத்து அவர் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏற்றினேன். என்னுடையதில் 2025 பிப்ரவரியில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மிண்ட் 22.1. இரண்டுக்கும் மெக்கானிக் நான்தான். என் ஓட்டு மிண்ட்டுக்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. எஸ்எஸ்டி இருந்தால் இரண்டுமே ஓடும், மிண்ட் கொஞ்சம் லேசாக ஓடும். இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் என்றால் முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள். கூகுளின் இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸையும் யோசித்தேன். அதில் ஆண்ட்ராய்டு ஆப் எதுவும் ஓடாது, பெரும்பாலும் பிரௌசரோடு சரி. விட்டுவிட்டேன்.

ஏற்றுவதில் ஜெயித்தது விண்டோஸ்தான். ரூஃபஸில் டிபிஎம், செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருள் பூட்டில் ஓடாமல் தடுக்கும் காவல்) நிபந்தனைகளை நீக்கும் பெட்டியை டிக் செய்து பென்டிரைவ் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. மிண்ட்டில்தான் திணறினேன். இந்த லேப்டாப்பின் வைஃபை சிப்புக்குத் தனி டிரைவர் வேண்டும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்து ஏற்றினேன். செக்யூர் பூட் ஆன் செய்திருந்ததால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை ஒன்று வந்தது. அதில் டிரைவருக்கான சாவியைப் பதிவு செய்யும் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைத் தந்திருக்க வேண்டும். நான் அவசரத்தில் என்டரைத் தட்டி 'கன்டினியூ பூட்' கொடுத்துவிட்டேன். டிரைவர் இருக்கிறது, வைஃபை இல்லை. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்தேன். வைஃபை வந்துவிட்டது. பாதுகாப்பு பார்ப்பவர்கள் அந்த நீலத்திரையில் நிதானமாக இருங்கள்.

ஆனால் ஏற்றுவது ஒருநாள் கூத்து. வருஷா வருஷம் என்ன ஆகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

தகுதியில்லாத மெஷினுக்கும் விண்டோஸ் 11-ன் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்டுகள் வருகின்றன, அண்ணனுக்கும் வந்தன. வராதது ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், புரோவில் ஆயுள் இரண்டு வருடம். அவரிடம் இருந்த 23எச்2 என்ற பதிப்புக்கு 2025 நவம்பர் 11-ஓடு கெடு முடிந்தது. அடுத்ததை நாமேதான் கையால் ஏற்ற வேண்டும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பேட்டரி இல்லாத லேப்டாப் என்பதால் முதல் வேலை, அன்றைக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்தது. பழைய ரூஃபஸில் போட்ட பென்டிரைவிலிருந்து செட்டப்பை ஓட்டினால், 'இந்தக் கணினிக்குத் தகுதியில்லை' என்று நின்றது. ரூஃபஸ் 4.6-லிருந்துதான், அடுத்த பதிப்பான 24எச்2-வை ஃபைல்களை அழிக்காமல் மேலே ஏற்றும்போதும் அந்தச் சோதனையைத் தாண்டும் வசதி வந்தது. புதிய ரூஃபஸ், மறுபடி பென்டிரைவ். இம்முறை இன்னொரு முட்டுக்கட்டை: 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை.' பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்ததில் அந்தப் பகுதி 100 எம்பி மட்டுமே, அதுவும் நிரம்பிக் கிடந்தது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, மறைந்திருக்கும் அந்தப் பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புகளை அழித்தேன். பூட் ஆவதற்கு அவை அவசியமில்லை. பக்கத்திலேயே நின்ற அண்ணன், "டேய், டேலி டேட்டா போயிடாதே?" என்று பத்து முறையாவது கேட்டிருப்பார். பேக்கப் எடுத்திருந்தேன், இருந்தாலும் வயிற்றில் புளி கரைத்தது. இரவு எட்டு மணிக்கு 24எச்2 வந்தது. டச்பேடில் இரு விரல் ஸ்குரோல் போயிருந்தது. டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பியதும் அதுவும் சரியானது.

இத்தனைக்கும் பிறகு கெடு தேதியைப் பார்த்தேன். 24எச்2-வின் ஆயுள் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு, ஆதரவு முடிந்த பின்னும் பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் அதே 2026 அக்டோபர் 13. கைவசம் இருந்த 24எச்2 ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) வைத்து வேலையை ஆரம்பித்தது என் தப்புதான். அதற்கடுத்த 25எச்2 அப்போதே வந்திருந்தது.

மிண்ட்டில் இதே வேலை எப்படி? 22.2 வந்தபோது அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவில் 'அப்கிரேட்' என்று ஒரு வரி முளைத்தது. முதலில் டைம்ஷிஃப்ட்டில் (சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் கருவி) ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டேன். கிளிக் செய்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வரும்போது ரீஸ்டார்ட் கேட்டுக்கொண்டிருந்தது. மெஷின் எந்தத் தலைமுறை, டிபிஎம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. 22 வரிசை முழுவதற்கும் 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு.

தமிழ்த் தட்டச்சில் குறை சொல்ல முடியாது. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே வருகிறது, மிண்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொண்டேன். பாமினி ஃபான்டில் அடித்த பழைய கோப்புகள், ஃபான்டை நகலெடுத்துப் போட்டதும் லிப்ரே ஆபீஸில் திறக்கின்றன. டேலியும் ஃபோட்டோஷாப்பும்தான் பிழைப்பு என்றால் மிண்ட் பக்கம் வரவே வேண்டாம். கேம் நான் ஆடுவதில்லை, பிரிண்டர் வீட்டில் ஒன்றே ஒன்று, அது வேலை செய்கிறது. அதை வைத்து எல்லாப் பிரிண்டருக்கும் சான்றிதழ் தர மாட்டேன். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு, அதாவது 22-லிருந்து 23-க்குத் தாவுவதையும் நான் இன்னும் செய்து பார்த்ததில்லை.

அண்ணனுக்கு எட்டாம் தலைமுறையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது வந்ததும் பழையது என் கைக்கு வரும். அதிலும் மிண்ட்தான் போடப் போகிறேன், நீலத்திரையில் என்டரைத் தட்டாமல்.