கண்டெடுத்த காசு: வைத்திருப்பதா, கொடுப்பதா, கொடுத்தால் யாரிடம்?

ரியூசன் விட்டு வந்த பிள்ளை உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறது. நாலாய் மடித்த ஆயிரம் ரூபாத் தாள். "அம்மா, ஒழுங்கை முடக்கிலை கிடந்தது." அடுத்த நிமிடமே வீட்டில் ஆளுக்கொரு கதை தொடங்கிவிடும். அப்பா, "நாளைக்கு ரீச்சரிட்டைக் குடு" என்பார். அம்மம்மா, "ஆற்றையோ காசு எங்களுக்கு வேண்டாம் ராசா, நல்லூரான் உண்டியலுக்கை போட்டுவிடு" என்பார். மாமா, "ரோட்டிலை கிடந்ததுக்கு ஆர் சாட்சி? வைச்சிரு" என்பார். பக்கத்து வீட்டு அண்ணா படம் எடுத்து முகநூலில் போடலாம் என்பான். பொலிஸ் என்று யாராவது சொன்னால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வழியும் காசை வேறு வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. பிள்ளைக்கும் வேறு வேறு பழக்கத்தைக் கொடுக்கிறது. நான் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: தொலைத்தவர் தேடிக்கொண்டு எங்கே வருவார்? அந்த இடத்துக்குக் கிட்டவாகக் காசோ தகவலோ போய்ச் சேரும் வழிதான் நல்ல வழி. "நேர்மையாய் இரு" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால் பிள்ளைக்கு நல்ல பெயர் கிடைக்கும். காசு உரியவர் கைக்குப் போயிருக்காது.

வைத்திருப்பது

மாமா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பஸ் நிலையத்தில் காலடியில் கிடக்கும் இருபது ரூபாக் குற்றிக்கு உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. அவரும் அதைத் தேடி வரப்போவதில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு, பெருந்தெருவில் ஒரு ரூபா கண்டெடுத்து, அது யாருடையது என்று தெரியாமல் எடுப்பவர் குற்றம் செய்யவில்லை என்று உதாரணமே காட்டுகிறது. 1883இல் எழுதிய சட்டம் அது. அன்றைய ஒரு ரூபா ஒரு கூலிக்காரருக்குச் சின்னக் காசு அல்ல.

அதே பிரிவின் மற்ற வரிகளைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும் தனதாக்கிக்கொண்டால் குற்றம். தேடிப் பார்க்க நியாயமான முயற்சி எடுக்காமல், நியாயமான காலம் பொறுத்திருக்காமல் எடுத்துக்கொண்டாலும் குற்றம். ஆனால் பாதுகாத்துத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கையில் எடுப்பது குற்றமே அல்ல. தாளைப் பிடித்துக்கொண்டு பயந்து நிற்கும் பிள்ளைக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: எடுத்ததில் பிழை இல்லை.

"பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்" என்று வெருட்டுவதும் வேண்டாம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது சட்டப்படி குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்துத்தான் முடிவு. அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்குத்தான். வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கும் பெரியவருக்கு இல்லை.

கஷ்டத்தையும் பேசத்தான் வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு, ஆயிரம் ரூபா என்றால் அடுத்த நாள் சமையல் என்று இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் குறைவில்லை. அந்த வீட்டுத் தாய் தாளைக் கண்டதும் ஒரு கணம் யோசித்தால் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தொலைத்தவரும் பெரும்பாலும் அப்படி ஒரு வீட்டுக்காரர்தான். வசதியானவர்கள் இப்போது கார்ட்டில் கட்டுகிறார்கள். ஒழுங்கையில் விழுவது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்றுவிட்டு வந்தவரின் காசு, சீட்டுக் கட்டக் கொண்டுபோன காசு, தோடு அடகு வைத்து எடுத்து வந்த காசு.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒருமுறை ஒரு பேர்ஸைக் கண்டெடுத்து வந்தார்கள். விளிம்பு கிழிந்து, றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிய சிவப்புப் பேர்ஸ். உள்ளே கொஞ்சக் காசு, அடகுக்கடைத் துண்டு, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அடுத்த நாள் குறித்த மட்டை, இரட்டைப் பின்னலில் வெள்ளை ரிபன் கட்டிய ஒரு சின்னப் பெண்பிள்ளையின் பாஸ்போட் அளவுப் படம். அதுவரை "பங்கு பிரிப்பம்" என்று நின்ற பெடியன்தான் படத்தை முதலில் கையில் எடுத்தான். "எங்கடை பள்ளிக்கூட ரிபன் மாதிரிக் கிடக்கு" என்றான். அதற்குப் பிறகு பங்குக் கதை வரவில்லை. மட்டையில் இருந்த பெயரை முடக்குக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தோம். பொழுதுபடமுன் அந்த அம்மா வழி நெடுக நிலத்தைப் பார்த்துக்கொண்டே அதே கடைக்கு விசாரித்து வந்தார்.

உண்டியல்

எங்கள் பக்கத்தில் அம்மம்மாவின் வழிக்குத்தான் பலம் அதிகம். மறுத்துப் பேசுவதும் கடினம். பிறர் காசு வீட்டில் தங்கக்கூடாது என்ற அவருடைய எண்ணம் முழுக்கச் சரி. பிழை அடுத்த அடியில் வருகிறது. உண்டியலுக்குள் விழுந்த தாள் யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தொலைத்தவர் அதே வாசலுக்கு வந்து அழுது கும்பிடலாம். தன் காசைக் கேட்க முடியாது. வைத்திருக்கும் பிள்ளையாவது இரண்டு நாள் கழித்து யாராவது தேடி வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். உண்டியலில் போட்டபின் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பிள்ளை இதில் பழகுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொருவரின் காசை எடுத்து நான் தர்மம் செய்யலாம், புண்ணியம் என் கணக்கில் சேரும் என்பதுதான் அங்கே பாடம். அந்தக் காசைத் தர்மம் செய்வதா, பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதா என்று முடிவு செய்ய உரிமை உள்ளவர் ஒருவர் எங்கேயோ இருக்கிறார். பிச்சை கேட்பவர் கையில் போடுவதற்கும் இதே பதில்தான்.

கோயில் வீதியிலேயே கண்டெடுத்தால் கதை வேறு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், முக்கியமாக 24ஆம் நாள் தேருக்கு, அந்தச் சனத்துக்குள் பேர்ஸும் சங்கிலியும் பிள்ளைகளும் தொலைவது வழமை. அங்கே அறிவிப்பு ஒலிபெருக்கியில் போகும். தொலைத்தவரும் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். அப்போது அறிவிப்பு செய்யும் இடத்தில் கொடுப்பதை விட நல்ல வழி வேறு இல்லை. ஒரே கோயில்தான், உண்டியலில் போட்டால் காசு காணாமல் போகிறது, அறிவிப்பு இடத்தில் கொடுத்தால் ஆள் கிடைக்கிறார்.

ரீச்சரிடம் கொடுப்பது

பள்ளிக்கூட வளவுக்குள் கண்டெடுத்த காசுக்கு இதுதான் முதல் வழி. தொலைத்ததும் பெரும்பாலும் இன்னொரு பிள்ளைதான். அது அழுதுகொண்டு போவதும் தன் வகுப்பு ரீச்சரிடம்தான். ஒழுங்கையில் கண்டெடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சந்தைக்குப் போன அம்மா அதிபரின் அறைக்கு வந்து ஏன் விசாரிக்கப்போகிறார்?

அடுத்தது, கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை மைதானத்தில் கிடந்த காசைக் கொண்டுபோய்க் கொடுத்தது. கொஞ்ச நாள் பொறுத்து, ஆள் வந்ததா என்று ஆசையாய்க் கேட்டது. "அதெல்லாம் குடுத்தாச்சு, நீ போய் இரு" என்று பதில் வந்தது. கொடுத்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கு, எப்போது என்று ஒரு சொல் பிள்ளைக்குச் சொல்லவில்லை. வாங்கி வைத்தவர்களே வைத்துக்கொண்டார்கள் என்றுதான் அந்தப் பிள்ளை இன்றும் நம்புகிறது. வீட்டில் வருடக்கணக்காய்ச் சொல்லி வளர்த்ததை அந்த ஒரு பதில் குலைத்துப்போட்டது.

இது சும்மா சந்தேகம் அல்ல. 2019இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வுக்காக 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கு மேற்பட்ட பணப்பைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தெருவில் போட்டுவிட்டு ஒளிந்து நின்று பார்க்கவில்லை. வங்கி, ஹோட்டல், தபாலகம், பொலிஸ் நிலையம் போன்ற இடங்களின் முன்மேசையில் "இது வெளியே கிடந்தது" என்று ஒப்படைத்தார்கள். காசு இல்லாத பைகளில் 40 சதவீதத்துக்கும், காசு இருந்தவற்றில் 51 சதவீதத்துக்கும் உரியவரைத் தேடித் தகவல் போனது. காசு இருந்தால் கூடுதலாய்த் திரும்புகிறது என்பது மனதுக்கு ஆறுதல். பையில் ஒரு திறப்பு (சாவி) இருந்தபோது திரும்புவது இன்னும் கூடியது. திறப்பு தொலைத்தவருக்கு மட்டும்தானே உதவும். எங்கள் பெடியனின் மனதை மாற்றிய படமும் அப்படித்தான். ஆனால் மேசையில் ஒப்படைத்த காசுப் பைகளில் பாதியளவுக்குத் தகவலே போகவில்லை என்பதையும் பாருங்கள். ஒப்படைத்ததோடு வேலை முடியவில்லை.

ஆகவே பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் திகதி, இடம், தொகை, பிள்ளையின் பெயர் எழுதட்டும். காலைப் பிரார்த்தனையில், "காசு ஒன்று கிடைத்திருக்கிறது, எங்கே எவ்வளவு தொலைத்தீர்கள் என்று சொல்பவர் வரலாம்" என்று மட்டும் அறிவிக்கட்டும். தொகையைச் சொல்லிவிட்டால் நாலு பேர் வந்து நிற்பார்கள். முடிவு என்னவென்று கண்டெடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

முடக்குக் கடை, பஸ், வங்கி

ஒழுங்கையில் கண்டெடுத்த காசுக்கு நான் தெரிவு செய்யும் வழி இது: காசை வீட்டில் வைத்துக்கொண்டு, தகவலைக் கடையில் வைப்பது. தொலைத்தவர் வந்த வழியே திரும்பி நடப்பார், முதல் கடையில் கேட்பார். கடைக்காரர் நல்லவரோ இல்லையோ, அவர் கையில் தாளைக் கொடுத்து அவரைச் சோதிக்க வேண்டியதில்லை. அம்மாவின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, "இந்தப் பக்கத்திலை காசு துலைச்சனெண்டு ஆரும் கேட்டால் எங்களுக்குச் சொல்லுங்கோ அண்ணை" என்றால் போதும். கேட்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசை ஒரு கடித உறைக்குள் போட்டு, கிடந்த இடத்தையும் திகதியையும் பிள்ளையின் கையாலேயே எழுதுவித்து, பெரியவரின் அலுமாரியில் வையுங்கள்.

பஸ்ஸில் என்றால் கொண்டக்டரிடம் அப்போதே சொல்ல வேண்டும். இறங்கிய பிறகு தேடுவது பெரும்பாடு. ஏ.ரி.எம். வாயில் யாரோ விட்டுப்போன தாள்களை அந்த வங்கிக் கிளையிலேயே கொடுங்கள். யார் அந்த நேரத்தில் காசு எடுத்தார் என்ற பதிவு அவர்களிடம் இருக்கும்.

பொலிஸ், முகநூல்

பெரிய தொகை, நகை, வங்கிப் புத்தகம் என்றால் பொலிஸ் நிலையம். இதற்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பக்கூடாது, பெரியவர் போக வேண்டும். கொடுத்துவிட்டு வராமல், பதிவு போட்டார்களா என்று பார்த்து அதன் இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். போகத் தயங்கும் வீடுகள் இங்கே நிறைய. அதற்கான காரணங்கள் எனக்கும் தெரியும். பேர்ஸுக்குள் அடையாள அட்டை இருந்தால் அதில் முகவரியும் இருக்கும். அந்தப் பகுதி கிராம அலுவலரைக் கேட்டால் வீட்டை இலகுவாய்க் கண்டுபிடிக்கலாம்.

முகநூல் வேகமானதுதான். ஆனால் தாளைப் படம் எடுத்துத் தொகையோடு போட்டால் உரியவர் யார் என்று சோதிக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. அடையாள அட்டையை அப்படியே படம் எடுத்துப் போடுவது இன்னும் மோசம். காசைத் தொலைத்தவரின் முகவரியையும் இலக்கத்தையும் ஊருக்குக் கொடுத்துவிடுகிறோம். "இன்ன சந்தியில் ஒரு பேர்ஸ் கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெறலாம்" என்பதோடு நிறுத்துங்கள். நேர்மைச் சிறுவன் என்று பிள்ளையின் படத்தைப் போட்டுப் பாராட்டு வாங்கவும் வேண்டாம். அடுத்த முறை பிள்ளை பாராட்டுக்காகக் கொடுக்கும்.

யாரும் வராவிட்டால்

இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தில் கண்டெடுத்த பொருளுக்கு லுகதா என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. மதிப்புள்ள பொருள் என்றால் ஓர் ஆண்டு அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு பயன்படுத்தியிருந்தாலும் உரியவர் வந்து நின்றால் கொடுக்க வேண்டும். யாரும் தேடாத அற்பப் பொருளுக்கு அந்த நீண்ட காலம் இல்லை. எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும். எங்கள் சட்டக்கோவை நாள் குறிக்காமல் "நியாயமான காலம்" என்று விட்டிருக்கிறது. என் கணக்கில் நூறு இருநூறுக்கு ஒரு கிழமை, ஆயிரங்களுக்கு ஒரு பள்ளித் தவணை. அதற்குமேல் யாரும் வராவிட்டால் உறையைப் பிள்ளையிடமே கொடுங்கள். வைத்திருப்பதா, அம்மம்மா சொன்னபடி கோயிலுக்குக் கொடுப்பதா என்று அப்போது பிள்ளை முடிவு செய்யட்டும். தேடிப் பார்த்த பிறகு எடுக்கும் காசில் மாமா சொன்னதும் சரியாகிவிடுகிறது.

உரியவர் வந்துவிட்டால், கொடுக்கும்போது பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். நன்றியாய் அவர் நூறு ரூபா நீட்டினால், "வாங்காதை" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "வேண்டாம் அன்ரி" என்று பிள்ளை தானாகச் சொன்னால் நல்லது. வாங்கிக்கொண்டால் கச்சான் வாங்கித் தின்னட்டும். கூலி பேசாத வரைக்கும் அதில் பிழை ஒன்றும் இல்லை.